பேய்க்கு ஊட்டிய ஈரல்

இது குரங்கணியில் சத்தியமாக நடந்த கதை. ஒரு எழுத்துப் பொய் கிடையாது. ஆடுகளின் எண்ணிக்கையில் மட்டும் கை கொஞ்சம் தாராளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்து நாலாம் வருஷம். மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறக்கும் மொக்கச்சாமிக்கு அதைவிடப் பெரிய சுமை வீட்டில் இருந்தது. மனைவி ஆயம்மாளுக்குப் புத்தி பிசகிவிட்டது. கழுத்தைச் சுற்றி அட்டிகை போட்டதுபோலத் தோல் கருகிக் கிடந்தது. புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத ஊரில், "ஏலே மொக்கா!" என்று அவள் கூப்பிட்ட சத்தம் அடுத்த ஊரான தேவாரம் வரைக்கும் கேட்டது. அமாவாசைக்குள் தெளியாவிட்டால் சங்கிலி போட்டுக் கோயிலில் விட்டுவிடுவேன் என்று அவள் அண்ணன் சொல்லிவிட்டான்.

பேயோட்டும் கோடாங்கி சுருளிவேல் வந்து உடுக்கை அடித்தார்.

"பேயி ஆட்டு ஈரல் கேக்குதப்பா. தெனமும். கூடவே வறுத்த நெலக்கடலை ஒரு படி."

படைத்ததெல்லாம் தன் வீட்டுக்கு வரும் என்று அவருக்கு நினைப்பு. மொக்கச்சாமியோ கறிக்கடைக்கு விறகு சுமந்துபோட்டு ஈரல் வாங்கி, வதக்கி, கடலையோடு நேரே ஆயம்மாள் வாயில் ஊட்டினான்.

"அடேய், அது பேய்க்குடா!"

"பேயி எங்க சாமி இருக்கு? இவளுக்குள்ளதான? வேற எந்த வழியா உள்ள அனுப்புறது?"

மூன்று வாரத்தில் நானூறு ஆட்டு ஈரல் உள்ளே போனது. மொக்கச்சாமியைக் கண்டாலே ஆடுகள் மலையேறி ஓடின. ஆயம்மாளின் கழுத்துக் கருப்பு பாம்புச் சட்டையாக உரிந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் அண்ணன் சங்கிலியோடு வந்து நின்றான். கோடாங்கி மொக்கச்சாமியைக் காட்டிச் சோதித்தார்.

"ஏத்தா, இவன் பேரென்ன?"

ஆயம்மாள் தலை குனிந்துகொண்டாள்.

"பாத்தீகளா, மறந்துபோச்சு! கட்டுங்கடா!" என்றான் அண்ணன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "புருசன் பேரை எப்படிண்ணே சொல்றது? ஊரு சிரிக்காதா?"

மொக்கச்சாமி ஈரல் வதக்கிய சட்டியை எட்டிப் பார்த்தான். போன புத்தி வாய் வழியாகவா திரும்பி வரும்? இத்தனூண்டு ஈரல் துண்டுக்குள் முழுசாக ஒரு மனுஷியா ஒளிந்திருந்தாள்? அவளையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுவாரம் அவளைப் போடி ஊருக்குக் கூட்டிப்போய்க் காட்டினான்; நடந்ததையெல்லாம் கேட்ட டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "மழைக்காலம் பூரா என்னம்மா சாப்பிட்ட?"

"சோளக்கூழுதான். மூணு வேளையும்."

"வெறும் சோளமே சாப்பிட்டா மூளைக்குச் சத்து பத்தாதும்மா. ஈரலும் கடலையும்தான் உன்னை மீட்டிருக்கு."

கதை இங்கே வந்ததும், சுளகில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்ட கருத்தம்மா கையை உதறினாள். "அப்ப பேயே இல்லையா?"

பக்கத்திலிருந்த காமராஜ், கோடாங்கியின் மருமகன், துள்ளி எழுந்தான். "அப்ப எங்க மாமா உடுக்கையடிச்சது சும்மாவா?"

"உடுக்கையில சத்திருந்தா அதக் கடிச்சுத் தின்னுய்யா!" என்றாள் கருத்தம்மா.

சுளகு பறந்தது. ஏலக்காய் மழையாகக் கொட்டியது.