ஒன்பது பேருக்கு ஒரே மச்சம்

போன வாரம் வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. நான் படித்த உயர்நிலைப் பள்ளிக்கு நூற்றாண்டு விழாவாம். முன்னாள் மாணவர்கள் தங்கள் 'இனிய நினைவுகளை' ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டுமாம். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஒரு பக்கம் எழுத எனக்கென்ன வலிக்கிறதா? ஆனால் அந்த 'இனிய' என்ற சொல்லைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

செய்தியோடு ஒரு படமும் இருந்தது. பத்தாம் வகுப்பில் எங்களுக்கு வகுப்பாசிரியராக இருந்து, பிறகு அங்கேயே தலைமையாசிரியர் ஆனவர். விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். தொண்ணூறு வயதை நெருங்கிவிட்டார். சட்டைப் பையில் இன்னமும் மைப்பேனா. அந்தப் பேனாவை எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கம். ஊருக்கு ஒரு பள்ளி, காலனிக்கு ஒரு பள்ளி, நடுவில் ஏரிக்கரை. காலனிப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார், ஒரே கரும்பலகை. முன்பக்கம் இரண்டாம் வகுப்பு, பின்பக்கம் ஐந்தாம் வகுப்பு. நடுவில் இருந்த வகுப்புகள் என்ன படித்தன என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் அதில்தான் இருந்தேன். ஆறாம் வகுப்புக்குத்தான் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகச் சேர்ந்தோம். கூரைதான் ஒன்று. காலனிப் பிள்ளைகளுக்குக் கடைசி இரண்டு பெஞ்சு.

பத்தாம் வகுப்பில் அரசுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும்போது அங்க அடையாளம் எழுத வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் அதுவேதான் ஏறும். ஒருநாள் முழுக்க வராந்தாவில் அந்த வேலை நடந்தது. ஊர்ப் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார் அந்த வகுப்பாசிரியர்.

"பின்கழுத்துல கீது பாரு, கடுகாட்டம். உனக்கே தெரியாதாடா?"

ஊர்ப் பெண்களுக்குப் பார்த்து எழுதத் தையல் டீச்சரை வரவழைத்திருந்தார். எங்கள் முறை வந்தது. ஒன்பது பேர் வரிசையாக நின்றோம். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. எங்களைக் கிட்டே கூப்பிடவும் இல்லை.

"கறுப்புல கறுப்பு எங்க தெரியப்போவுது?" என்றார். பேனா மட்டும் பதிவேட்டில் ஓடியது. 'வலது முழங்கைக்குக் கீழ் ஒரு மச்சம்.' ஒன்பது பேருக்கும் அதே வரி.

நாங்கள் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். சீக்கிரம் வேலை முடிந்ததென்று சந்தோஷம் வேறு. நான் ஒரு வாரம் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாரே எழுதிவிட்டார், இல்லாமலா போகும் என்று நம்பின மடையன்.

கண்டக்டர் வேலைக்கு உத்தரவு வந்தபோதுதான் உறைத்தது. புத்தகத்தில் உள்ள அடையாளத்தை டாக்டர் என் கையில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெருநகர் என்கிற ஊரின் தைப்பூசத் திருவிழாவில் பச்சை குத்தும் அம்மாவிடம் போய்க் கையை நீட்டினேன்.

"பேரா, பூவா?"

"ஒரே ஒரு புள்ளி."

"ஒத்தப் புள்ளிக்கா இம்மாந்தூரம் வந்த?" என்று சிரித்துக்கொண்டே குத்தினாள். வேலை கிடைத்தது.

என்னோடு அந்த வரிசையில் நின்றவள் எஸ்தர். நாற்று நடுகிற வீட்டுப் பெண். மறு வருஷம் போலீஸ் வேலைக்குத் தேர்வானாள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள். சான்றிதழ் பார்க்கிற இடத்தில் கையைத் திருப்பச் சொன்னார்கள். மச்சம் இல்லை. பதினைந்து நாளில் பள்ளியிலிருந்து திருத்தக் கடிதம் வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்கள்.

"போய் ஒரு புள்ளி குத்திக்க. நான் அப்படித்தான் பண்ணேன்" என்றேன்.

"இன்னா பேசற நீ? பாக்காமயே எழுதனது அவரு. வந்து பாத்துட்டுத் திருத்தட்டும். நான் இன்னாத்துக்குக் குத்திக்கணும்?"

அதற்குள் அவர் தலைமையாசிரியர் ஆகியிருந்தார். "உனக்கு ஒருத்திக்குத் திருத்தினா ஒம்போது பேருக்கும் இன்னா பதில் சொல்றது? மேல எழுதிப் போடறேன், போ" என்று அனுப்பினார். எழுதவில்லை. தினம் போய் நின்றாள். எட்டாம் நாளோ என்னவோ, என் வீட்டுக்கு வந்தாள்.

"நீயும் வந்து உன் கைய அந்தப் போலீசு ஆபீசுல காட்டு. குத்திக்கினதுன்னு சொல்லு. ரெண்டு பேரு சொன்னா கேட்டுத்தான் ஆவணும்."

காட்டினால் என் வேலை போய்விடும். ட்யூட்டி இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் ட்யூட்டி என்றேன். பதினைந்து நாளும் ஓடிப்போனது. வேலை வேறு யாருக்கோ போனது. எஸ்தர் நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனாள்.

அவர் மீது எனக்கு இருக்கிற ஆத்திரத்தை இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்தேன். என் மீது இருக்கிறதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இந்த முறை விடுவதில்லை என்று பள்ளிக்கே போனேன். நாங்கள் படித்த ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் சைக்கிள் ஷெட். இப்போதைய தலைமையாசிரியை நல்ல மாதிரி, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பழைய பதிவேடு கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப வேண்டாத பழசையெல்லாம் எரிச்சிட்டாங்களாம் சார்" என்றார். யார் யார் தேர்தலில் நிற்கக் கூடாதென்று உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டியது ஆயிரம் வருஷமாக அப்படியே இருக்கிறது. எங்கள் ஒன்பது வரிக்கு ஒரு தீக்குச்சி போதுமாயிருந்தது. ஒன்பது பேரில் ஐந்து பேர் உயிரோடு இல்லை.

வீட்டுக்கு வந்து இந்தப் பக்கத்தை எழுதினேன். போடுவார்களோ மாட்டார்களோ. எஸ்தருக்குப் போன் போட்டு முழுசையும் படித்துக் காட்டினேன். நூறு நாள் வேலையில் ஏரிக்குள் நின்றுகொண்டிருந்தாள். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பதிவேட்டை எரித்துவிட்டார்கள், இனி நிரூபிக்க ஒன்றும் இல்லை என்றேன்.

"அன்னிக்கு எல்லாம் இருந்துச்சி" என்றாள். "ரிஜிஸ்டரு இருந்துச்சி. அந்த ஆளு இருந்தாரு. நாம ஒம்போது பேரும் இருந்தோம். நீதான் வரல."