காயாத துணி

மலைமேல் அரியூர் நாட்டிலிருந்த பள்ளிப் பெண்கள் விடுதியில் கூட்டிப் பெருக்கிக் கக்கூஸ் கழுவும் வேலை பாப்பாயிக்கு. அதே மலையில் குண்டூர் நாட்டில் பிறந்து, பதினைந்து வயதில் கருப்பண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். விடுதியில் நாற்பத்து மூன்று பெண்கள். அவர்களில் ஒருத்தி அவள் மகள் தாமரைச்செல்வி, ஒன்பதாவது படித்தாள். வீடு ஒரு மைலில்தான் இருந்தது. ஆனாலும் வீட்டில் இருந்தால் காட்டு வேலைக்கு இழுத்துவிடுவார்கள் என்று புருஷனோடு சண்டை போட்டு அவளை அங்கே சேர்த்திருந்தாள்.

2003ஆம் வருஷம் மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து யாரோ புண்ணியவான்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக நாப்கின் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். துவைக்க வேண்டாம், ஒளித்துக் காயப்போட வேண்டாம். ஆனால் பயன்படுத்தியதை எங்கே போடுவதென்று கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை, வாங்கியவர்களும் யோசிக்கவில்லை. வெட்கப்பட்ட பிள்ளைகள் கக்கூஸ் ஓட்டையிலேயே திணித்தார்கள். அடைத்துக்கொண்டபோதெல்லாம் தோள்வரை கையை விட்டு, ஊறி உப்பிக் கிடந்ததை இழுத்துப் போட்டவள் பாப்பாயிதான். புதைத்தால் நாய் தோண்டியது. எரித்தால் பிளாஸ்டிக் கருகிய புகை நெஞ்சில் இறங்கி நாள் கணக்கில் இருமினாள்.

மறு வருஷம் ஆவணியில் நான்கு நாள் விடாத மழை. செப்டிக் டேங்க் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, சரிவில் இறங்கி, கீழே வயல் வைத்திருந்த சென்றாயனின் நாற்றங்காலில் பாய்ந்தது. அதை ஒட்டித்தான் பதினைந்து வீடுகள் குடிக்கும் ஊற்று. அந்த வாரமே அங்கிருந்த குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும். சென்றாயனின் கடைசி மகள் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்துதான் பிழைத்தாள்.

அவள் எழுந்து உட்கார்ந்த அன்று சென்றாயன் ஒரு குச்சியில் நாப்கின்களைக் குத்தி எடுத்துவந்து விடுதி வாசலில் போட்டான். சத்தம் போடவில்லை.

“ஏனுங்க டீச்சர், இது எங்க ஊத்துல மெதந்துச்சு. எம்புள்ள பொழச்சுக்குச்சு, அதனால பேசிட்டு நிக்கறன். இன்னொருக்கா வந்துச்சுன்னா இந்த விடுதி இங்க இருக்காது.”

அவன் டீச்சர் என்றது வார்டன் அம்சவேணியை. சேந்தமங்கலத்துக்காரி, மலைக்குப் புதுசு. அதற்குள் ஊற்று சுத்தமாகாவிட்டால் விடுதியை மூடுவது என்று ஊர் கூடிக் கார்த்திகை வரை கெடு வைத்தது. அதற்குள்ளேயே ஏழு பெண்களை அப்பன்மார் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். போனவர்களுக்கு அடுத்தது என்னவென்று பாப்பாயிக்குத் தெரியும். அவளுக்கு நடந்ததுதான்.

துணிக்கே போய்விடலாம் என்று அவள்தான் சொன்னாள். பழையபடி கந்தலைச் சுருட்டி வைப்பதல்ல. பருத்தித் துணியை எட்டு மடிப்பாகத் தைத்து, இரண்டு பக்கமும் காது மாதிரித் துணி நீட்டி, அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் டிச் பட்டன் போட்டால் நழுவாது, துவைத்துத் துவைத்து வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம், ஊற்றுக்கும் ஒன்றும் போகாது என்றாள். அத்தனை நாப்கினை இழுத்துப் போட்டவள்; அதன் உருவம் அவள் கைக்கு அத்துபடி. அம்சவேணி அரைமனதாகத் தலையாட்டினாள். தையல் வகுப்பு மிஷினில் ஆளுக்கு ஆறாகத் தைத்து முடித்தார்கள். டேங்கை உறிஞ்சும் லாரி அந்தச் சரிவில் இறங்க வழியில்லை. பாப்பாயியே குழி வெட்டி, மூன்று நாள் வாளியால் மொண்டு கொட்டினாள்.

புரட்டாசி ஒப்பேறியது. ஐப்பசி பிறந்ததும் சூரியனைக் காணோம். மழை நின்றால் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியது. குளியலறைக்குப் பின்னால் தட்டி மறைவில் கட்டிய கொடியில் துணிகள் நாள் கணக்கில் சொதசொதவென்று தொங்கின. பிள்ளைகள் கூசிக்கொண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் அவற்றையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். தாமரைச்செல்வி பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஈரத் துணியையே மூன்று நாள் கட்டியிருந்திருக்கிறாள். நடக்க முடியாமல் காய்ச்சலில் அவள் சுருண்டு விழுந்த பிறகுதான் பாப்பாயிக்கு விஷயமே தெரிந்தது. தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“துணி மேல தப்பில்லீங்க,” என்றாள் நர்ஸ். “ஈரத்தோட வெச்சதுதான் புண்ணாகிச் சீழ் புடிச்சிருக்குது. மொறுமொறுன்னு காயணும். வெயில் இல்லாட்டி அனல்லயாவது காயணும்.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாப்பாயி ஈரச் சேலையோடு குந்தியிருந்தாள். நாப்கினுக்குத் திரும்பினால் ஊற்று நாறும், விடுதியை மூடுவார்கள். துணியிலேயே இருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் இப்படிக் கிடக்குமோ. யாரைக் கேட்டு இதை ஆரம்பித்தோம், பெற்ற பிள்ளையையே இப்படிப் படுக்கவைக்கவா என்று தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். எல்லாவற்றையும் நெருப்பில் போட்டுவிட்டுப் பிறந்த குண்டூருக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

விடுதிச் சமையல்காரியிடம் அடுப்புக்கு மேலே கொடி கட்டக் கேட்டபோது, சோறு வடிக்கும் இடத்தில் இதையா என்று அவள் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவளைக் கட்டாயப்படுத்த அம்சவேணியும் துணியவில்லை. மீதி இருந்தது பாப்பாயியின் வீட்டு அடுப்பு. துவைத்த துணிகளைக் கூடையில் சுமந்துவந்து அதற்கு மேலே கயிறு கட்டினாள். கருப்பண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அடுப்புல சாமி இருக்குது. அதுக்கு மேல இதைக் கட்டுவியா?”

“முப்பத்தாறு புள்ளைங்க இருக்குதுங்க. எனக்கு வேற அடுப்பு இல்லீங்க.”

அவன் அடிக்கவில்லை. தட்டையும் போர்வையையும் எடுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த மகளையும் எழுப்பி, தன் அண்ணன் வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனான். இவளைப் புண்ணாக்கியவளை நம்பி இங்கே விட்டுவைக்க மாட்டேன் என்றான். தாமரைச்செல்வி அப்பனோடு போனாள். விடுதியில் எல்லோருக்கும் தன் நோவு தெரிந்துபோன பிறகு அந்தப் பக்கம் தலைகாட்ட அவளால் முடியவில்லை. பாப்பாயி பின்னாலேயே ஓடினாள். பிறகு அடுப்பு அணைந்துவிடும் என்று திரும்பி வந்தாள். அப்படித் திரும்பியதற்காக அவள் பிற்பாடு தன்னையே மன்னித்துக்கொள்ளவில்லை.

கார்த்திகை வரை ஒரு நாளும் விடாமல் கூடை போனது, வந்தது. கண் புகையில் சிவந்து நீர் வடிந்தது. வேறு எந்தப் பிள்ளைக்கும் புண் வரவில்லை. கெடு நாளில் ஊர்க்காரர்கள் ஊற்றைப் பார்க்க வந்தார்கள். சென்றாயன் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தான். விடுதி தப்பியது. அழைத்துப் போன ஏழு பேரும் திரும்பி வரவில்லை.

தை மாதம் தாமரைச்செல்விக்குக் கலியாணம். பெரியப்பன் வீட்டுச் சொந்தம். மலையடிவாரத்துக் காரவள்ளியில் லாரி ஓட்டுகிறவன். அவளுக்குப் பதினாறு முடியவில்லை. நிறுத்தச் சொல்லிப் பாப்பாயி கருப்பண்ணனின் அண்ணன் காலில் விழுந்தாள். பெண்ணைச் சாகக் கொடுக்கப் பார்த்தவளுக்கு இதில் என்ன பேச்சு என்றார்கள். கருப்பண்ணன் மாசியில் வீடு திரும்பினான்.

அடுத்த வருஷம் அம்சவேணி அலைந்து திரிந்து ஒரு தகரக் கொட்டகையும் தனி அடுப்பும் கட்ட வைத்தாள். துணிகள் அங்கே காய்ந்தன. அந்தச் சித்திரையில், யாரோ பஸ்ஸில் வந்தவர்கள் மூலமாகத் தாமரைச்செல்வி சேதி அனுப்பியிருந்தாள். அவள் கேட்டது ஆறு துணி, காது வைத்தது. பாப்பாயி தைத்து மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, மலைச் சாலையின் எழுபது வளைவும் இறங்கினாள். மகள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள், இளைத்துப்போய். புத்தகம் ஏதாவது கொண்டுவந்தாயா என்று அவள் கேட்கவில்லை. பொட்டலத்தை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இங்க வெயிலு நல்லா அடிக்குதும்மா,” என்றாள் தாமரைச்செல்வி.

பாப்பாயி அதே பஸ்ஸில் ஏறி மலைக்குத் திரும்பினாள்.