எண்பதில் வரும் ஆட்டம்

அந்தத் தெருவில் அவருக்கு வண்டி வைத்தியர் என்று பெயர். பட்டறை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஓடும்போது ஆடுதுங்க" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், மனிதர் கேள்வியாலேயே துளைத்துவிடுவார். "எந்த வேகத்துல? கைப்பிடியிலயா, கால் வைக்கிற இடத்துலயா, சீட்லயா?" கைப்பிடி ஆடினால் முன்சக்கரம், கால் கூசினால் எஞ்சின், சீட் ஆடினால் பின்பக்கம். இப்படிப் பிரித்துவிட்டுத்தான் ஸ்பானரையே தொடுவார்.

ஊரார் வண்டிக்கெல்லாம் இத்தனை கேள்வி கேட்டவர், கட்டின மனைவி சொன்னபோது ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை பாருங்கள்!

அவருடைய வண்டிக்கு வயது இருபத்து மூன்று. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். வாரத்துக்கு ஒருமுறை துணி எடுக்க அவளைப் பின்னால் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போவார். முள் எண்பதைத் தொட்டதும் அவள் தோளைத் தட்டுவாள்.

"என்னங்க, பின்னாடி என்னமோ ஆடுதுங்க."

உடனே வேகத்தைக் குறைத்துவிடுவார். மறுநாள் தனியாக எடுத்துப் போய், எண்பது, தொண்ணூறு என்று விரட்டிப் பார்ப்பார். ஒரு சின்ன அதிர்வுகூட இருக்காது. திரும்பி வந்து, "ஒண்ணும் இல்ல, எல்லாம் உன் பயம்" என்பார்.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. பொய் சொல்றதுக்குன்னே பின்னாடி ஏறி உக்காந்து வர்றேன்" என்பாள் அவள்.

மூன்று வருஷம் இதே சண்டைதான். அப்புறம் ஒருநாள், அவருடைய தம்பி கட்டிய புது வீட்டைப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள். எண்பது போயிற்று, தொண்ணூறும் போயிற்று. தோளில் தட்டு விழவில்லை.

"என்னங்க, இன்னைக்கு ஆடவே இல்லையே! என்ன பண்ணீங்க?"

முந்தின வாரம் அவர் செயின் மாற்றியிருந்தார். அவ்வளவுதான். "செயினை மாத்தினேன்ல? சும்மாவா வைத்தியர்னு கூப்பிடறாங்க?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவர் முதுகில் அவள் செல்லமாக ஒரு குத்து விட்டாள். தம்பி வீட்டில் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தச் செயின் புராணம்தான்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து, தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே அவள் சரிந்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள். டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, "எப்போலேர்ந்து இளைக்க ஆரம்பிச்சாங்க?" என்று கேட்டார்.

"தெரியலைங்க டாக்டர்" என்றார் வைத்தியர்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அவரும் தன்னைத்தானே அப்படிக் கேட்டு நொந்துபோனார். அவள் தன் துணிகளை எல்லாம் மாதாமாதம் உள்ளே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தம் தினமும் காதில் விழுந்ததுதான், வாடிக்கையாளர் துணி என்று இருந்துவிட்டார். நாற்பதே நாளில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து ஒரு மாதம் அவரோடு இருந்தாள். அவள் ஊர் திரும்பும் காலையில், பஸ் நிலையத்துக்கு வண்டியில் அழைத்துப் போனார். மகளுக்கு அம்மாவின் பழைய உடல்வாகு அப்படியே. நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்டதும் தோளில் தட்டு விழுந்தது.

"அப்பா, பின்னாடி என்னமோ ஆடுதுப்பா."

இந்த முறை அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. "எங்கேம்மா? கால்லயா, சீட்லயா?"

"சீட்லப்பா. இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆட்டுது."

அவருக்கும் அந்த ஆட்டம் தெரிந்தது. மகளை ஏற்றிவிட்டு நேரே பட்டறைக்கு வந்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தார். டக் என்றது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் மூட்டில் இருக்கும் புஷ் வளையம் தேய்ந்துபோயிருந்தது. பின்னால் பாரம் ஏறினால்தான் அது வேலையைக் காட்டும். செயினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

புதிய புஷ் அலமாரியிலேயே இருந்தது. அதை எடுத்தபோதுதான் தோன்றியது. மூன்று வருஷமாகத் தேய்ந்து கிடக்கிற புஷ், தம்பி வீட்டுக்குப் போன அன்றைக்கு மட்டும் ஏன் சும்மா இருந்தது?

புஷ்ஷைக் கீழே வைத்தார். பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் மணல் மூட்டை ஒன்றை நிறுத்தார். ஐம்பத்தாறு கிலோ. அவள் நன்றாக இருந்தபோது இருந்த எடை. பின் சீட்டில் இறுக்கிக் கட்டி நெடுஞ்சாலைக்குப் போனார். எண்பதில் ஆடியது. திரும்பி வந்து மணலைக் குறைத்தார். ஐம்பதிலும் ஆடியது. நாற்பத்தைந்தில் லேசாக ஆடியது. நாற்பத்திரண்டில் ஆடவில்லை. தொண்ணூறுவரை விரட்டினார், அப்போதும் ஆடவில்லை.

சாலையோரம் வண்டியை நிறுத்தி மகளுக்குப் போன் போட்டார். அவள் இன்னும் பஸ்ஸில்தான் இருந்தாள்.

"சித்தப்பா வீட்டுக்குப் போன அன்னைக்கே உங்கம்மா நாப்பத்திரண்டு கிலோதாம்மா இருந்திருக்கா. படுக்கிறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே."

"என்னப்பா சொல்றீங்க? அழறீங்களா?"

"வண்டி அன்னைக்கே சொல்லுச்சும்மா" என்றார், மூட்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு. "நான்தான் செயினை மாத்தினேன்னு பெருமையடிச்சுக்கிட்டேன்."