கார்பாலிக் சோப்பு மணத்த கன்று

கன்று தரையில் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு. நாட்குறிப்பில் முதலில் ஐம்பது என்று எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறேன். கூடத்துக் கடிகாரம் அந்த வாரம் இரண்டு நிமிடம் பின்தங்கி ஓடியது, எழுதிய பின்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர்கள் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முந்தைய மாதம் அது, புரட்டாசி. முதல் போக நெல்லான கன்னிப்பூ அறுவடை முடிந்து, முற்றங்களில் புது வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. நான் அப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்தை அளந்து கலந்து, சீசாவின் பக்கவாட்டில் வேளைக்கு இவ்வளவு என்று வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பது என் வேலை. கையைக் கழுவாமல் எதையும் தொடமாட்டேன். தொட்ட பிறகும் கழுவுவேன். இந்தப் பழக்கம்தான் அன்று எங்கள் தொழுவத்தில் எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்கியது.

ஈன்றது ஒரு செவலைக் கிடாரி. தலை ஈற்று. பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் என் மனைவியின் பிறந்த வீடு. அங்கே ஆறு மாதக் கன்றாக நின்றதை அவள் கேட்டு வாங்கி, வழியெல்லாம் கூடவே நடந்து ஓட்டிவந்தாள். மூன்று வருஷம் அதற்குத் தவிடும் பிண்ணாக்கும் வைத்தது அவள் கைதான். அதனிடம் அவள் பேசும் பேச்சில் பாதியைக்கூட என்னிடம் பேசியதில்லை என்று சொல்லலாம்.

கன்று விழுந்ததும், பெண் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி என்று பார்த்துச் சிரித்துவிட்டு, தாய்க்குக் கஞ்சி காய்ச்ச அவள் அடுக்களைக்குப் போனாள். நான் தனியே நின்றேன். கன்றைப் பார்த்தேன். உடம்பெல்லாம் கொழகொழவென்று இருந்தது. கிடாரி கயிற்றை இழுத்துக்கொண்டு, நாக்கை நீட்டி, கன்றை எட்டப் பார்த்தது. இந்த அழுக்கையெல்லாம் நக்கி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளப் போகிறதே என்று நினைத்தேன். கயிற்றைச் சுருக்கிக் கட்டினேன். கன்றைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போய், இளஞ்சூட்டு வெந்நீரில் கார்பாலிக் சோப்புப் போட்டு இரண்டு தடவை குளிப்பாட்டினேன். காதின் உட்புறம்கூட விடவில்லை. பழைய வேட்டியால் துவட்டினேன். கன்று விழுந்த இடத்தில் நனைந்து கிடந்த வைக்கோலை ஒன்றுவிடாமல் அள்ளி, ஒரு பழைய ஓலைப்பெட்டியில் போட்டேன். தரையில் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். எல்லாம் முடிந்தபோது மணி ஆறு இருபது.

கஞ்சியோடு வந்த மனைவி அசந்துபோனாள்.

"கன்னு பளபளண்ணு இருக்கே! ஆருக்கு வரும் இப்பிடி ஒரு நெனப்பு?"

அந்தப் பாராட்டு சரியாக இருபது நிமிடம் நீடித்தது.

ஆறு நாற்பதுக்கு, நடுங்கும் கால்களோடு நின்ற கன்றைத் தாயின் மடியருகே கொண்டு போனோம். கிடாரி தலையைத் திருப்பி முகர்ந்தது. மூக்கைச் சுளித்தது. புஸ்ஸென்று ஊதிவிட்டு, ஒரு உதை விட்டது. கன்று பினாயில் தரையில் வழுக்கி விழுந்தது. மறுபடி நிறுத்தினோம். மறுபடி உதை. மூன்றாம் முறை நான் நடுவில் நின்றேன். உதை என் முழங்காலுக்குக் கிடைத்தது. பாலைக் கறந்தாவது ஊட்டலாம் என்று மனைவி மடியில் கை வைத்தாள். மூன்று வருஷம் தீனி வைத்த கை அது. கிடாரி அதையும் விடவில்லை. பயத்தில் பாலை இறுக்கிக்கொண்டது. சிரட்டையின் அடி நனையும் அளவுக்குத்தான் வந்தது.

எட்டு மணிக்குக் கன்று படுத்துவிட்டது. தலையைத் தூக்கி இரண்டு முறை கத்தியது; பிறகு கத்தவும் இல்லை. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சூடு குறைந்திருந்தது.

மனைவி என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவின் எதிர்சாரியில் ஒரு வீட்டில், முந்தைய வருஷம் பிறந்த கன்று சீம்பால் குடிக்காமலே செத்துப்போனது. அதன் தோலில் வைக்கோல் திணித்து, கால்களுக்கு நான்கு குச்சி வைத்து, கறக்கும் நேரத்தில் தாயின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் விடும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நம்ம தொழுவத்தில அப்பிடி ஒண்ணு நிக்கப்பிடாது, சொல்லிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கன்றின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

எட்டு பத்துக்கு இளங்கொடி விழுந்தது. கன்றை வயிற்றில் சுற்றியிருந்த உறை அது. அதை நாய் இழுத்துப் போகாமல், பால் வடியும் மரம் ஒன்றில் உயரத்தில் கட்டவேண்டும். அப்போதுதான் பசுவுக்குப் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததே என்று எனக்கு ஆறுதல். நனைந்த வைக்கோல் கிடந்த அதே ஓலைப்பெட்டியில் அதையும் போட்டு மூடி, தேங்காய்த் தும்புக் கயிற்றால் நெடுக்கிலும் குறுக்கிலும் வரிந்தேன். வாய்க்கால் ஓடும் சானல்கரை ஆலமரத்தில் ஏறி, இரண்டாம் கிளையில், எந்தக் காற்றுக்கும் அவிழாத முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, எட்டு ஐம்பதுக்குத் திரும்பினேன்.

வடசேரிக்குப் பஸ் பிடித்துப் போய் மாட்டு டாக்டரைத் தேடலாமா, ஞாயிற்றுக்கிழமை அவர் இருப்பாரா என்று நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் வீட்டில் மூன்று பசு நின்றன. தொழுவத்துக்குள் தலையை விட்டவள், உடனே வெளியே இழுத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி, தொழுவம் உங்க ஆசுபத்திரி வராந்தா மாதிரி மணக்கு!"

குனிந்து கன்றின் முதுகை முகர்ந்தாள்.

"ஐயோ, பிள்ளையச் சோப்புப் போட்டுல்லா குளிப்பாட்டியிருக்கியோ! பவுடரும் போட்டு, பொட்டும் வச்சிருக்கலாமே?"

"சுத்தமா இருக்கட்டும்ணுதான்…" என்றேன்.

"சுத்தமாத்தான் இருக்கு. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாத சுத்தம். மாட்டுக்குக் கண்ணா பெருசு? மூக்குல்லா பெருசு. ஆரோ ஊர்பேர் தெரியாதவ பிள்ளையக் கொண்டாந்து மடியில விடுதாவ, நான் எதுக்குக் குடுக்கணும்ணு நெனைக்கு அது. சரி, கன்னு விழுந்த வைக்கோல் எங்க? அதை எடுங்கோ, மேலெல்லாம் தேய்ச்சு விடுவோம்."

மனைவி என்னைப் பார்த்தாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மரத்தில இருக்கு" என்றேன்.

"மரத்திலயா?"

"இளங்கொடியோட சேத்துக் கட்டியாச்சு."

பக்கத்து வீட்டுக்காரி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "கெட்டினதை எறக்கப்பிடாது. பாலு வத்திரும்" என்றாள்.

"குடிக்கக் கன்னு இருந்தாத்தானே மைனி பாலு?"

"அதுக்காக? எங்க அம்மை கேட்டா கொன்னே போடுவா."

கன்று காதை ஒரு முறை அசைத்தது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முடிவு சொன்னது என் மனைவிதான், அவளுடைய மாடு.

"பெட்டியை எறக்காண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். நீங்கோ மரத்தில ஏறி, வைக்கோலை மட்டும் உருவிட்டு வாருங்கோ. ஓடுங்கோ!"

ஓடினேன். நாற்பத்தைந்து வயதில், சட்டைப் பொத்தானைத் தப்பாக மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை சானல்கரையில் ஓடினேன். ஆலமரத்துக்கு எதிரே ஒரு சாயாக்கடை. கடைக்காரர் என் ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் வருபவர். வயிற்று வலிக்கு என் கையால் கசப்பு மருந்து வாங்கிக் குடிக்கிறவர். அவருக்கு அன்று நல்ல நாள்.

"என்ன கம்பவுண்டர் சாரே, காலம்பறதான் கெட்டிட்டுப் போனேரு. அதுக்குள்ள அவுக்க வந்தாச்சா? அளவு தெத்திப் போச்சோ?"

நான் ஏறிக்கொண்டிருந்தேன்.

"குடிக்கதுக்கு முன்னால நல்லாக் குலுக்கணும்ணு சீசாவில எழுதித் தருவேருல்லா, அதை இதுக்கும் எழுதி ஒட்ட மறந்துட்டேரோ?"

பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வெளியே வந்து நின்றார்கள். நான் இரண்டாம் கிளைக்குப் போய்ச் சேர்ந்து முடிச்சில் கை வைத்தேன். முடிச்சு அசையவில்லை. எந்தக் காற்றுக்கும் அவிழாதபடி போட்டது எனக்கும் அவிழவில்லை. ஈரத்தில் தும்புக் கயிறு ஊதிக் கல்லாகியிருந்தது. நகம் பிய்ந்தது. பல்லால் கடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆஸ்பத்திரி ஊழியன் என்ற முறையில் அதை மட்டும் செய்யவில்லை.

"ஒரு கத்தி தாரும் ஓய்!" என்று கத்தினேன். "கன்னு பால் குடிக்கல்ல. சாகக் கெடக்கு!"

கடைக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளே ஓடிப்போய், பன் வெட்டும் கத்தியைக் கொண்டு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயிற்று வலிக்காரர் என் பின்னாலேயே முதல் கிளை வரை ஏறி, கத்தியை நீட்டினார். பெட்டியின் விலாவில் ஒரு சாண் அளவுக்குக் கிழித்தேன். கையை விட்டு, வைக்கோலைப் பிடி பிடியாக உருவினேன். கீழ்க்கிளையில் நின்றபடியே அவர் தன் தோளில் கிடந்த துண்டை விரித்து வாங்கிக்கொண்டார். எனக்கே தாங்க முடியாத நாற்றம் அது. அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"போதுமா சாரே? இன்னும் ரெண்டு பிடி எடும். கன்னுக் காரியமாக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்பது நாற்பது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு முறத்தில் தவிடும் கல்லுப்பும் கலந்து வைத்திருந்தாள். பினாயில் தரைக்கு மேல் காய்ந்த சாணிப்பொடி தூவி, வைக்கோல் பரப்பியிருந்தார்கள். சாயாக்கடைக்காரரின் துண்டை விரித்து, அந்த ஈர வைக்கோலால் கன்றின் முதுகு, கழுத்து, வால், நான் அவ்வளவு பாடுபட்டுக் கழுவிய காது எல்லாவற்றையும் மூவருமாகத் தேய்த்தோம். அதன் மேல் உப்புத் தவிட்டைத் தூவினோம். காலையில் பொம்மைபோல் இருந்த கன்று, சேற்றில் புரட்டி எடுத்ததுபோல் ஆனது.

"இப்பம்தான் கன்னு மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "கயித்தை நீட்டிக் கெட்டுங்கோ அண்ணாச்சி. பெத்தவ போகட்டும் பிள்ளைகிட்ட."

கயிற்றை நீட்டினேன். கிடாரி நின்ற இடத்திலேயே நின்றது. மூக்குத் துளைகள் விரிந்தன. ஒரு அடி வைத்தது. கழுத்தை நீட்டி, கன்றின் முதுகை முகர்ந்தது. ஊதவில்லை. மறுபடி முகர்ந்தது. பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல். அன்று காலையிலிருந்து அது எழுப்பாத ஒரு சத்தம். நாக்கு நீண்டது. ஒரு நக்கு. உப்பு பிடித்துப்போயிற்று போலும், இன்னொன்று. அதன் பிறகு நக்குவதை அது நிறுத்தவே இல்லை. முதுகு, கழுத்து, முகம், காது. நக்கிய வேகத்தில் கன்று ஒரு முறை குடை சாய்ந்தது. சாய்ந்ததையும் விடாமல் நக்கியது.

பத்து பத்துக்குக் கன்று தானாக எழுந்தது. எழுந்து, நேராக முன்னங்கால்களுக்கு நடுவே போய் முட்டியது.

"அங்கே இல்ல மக்கா, பின்னால, பின்னால!" என்று மனைவி கெஞ்சினாள்.

நான் கன்றின் பின்புறத்தைப் பிடித்து நகர்த்தினேன். மனைவி மடியடியில் உட்கார்ந்து காம்பை மெல்லப் பிதுக்கினாள். மஞ்சளாக, கெட்டியாக ஒரு துளி கன்றின் மூக்கில் விழுந்தது. கன்று நாக்கைச் சுழற்றியது. இன்னொரு துளி. வாய் காம்பைத் தேடிற்று, தவறவிட்டது, என் மனைவியின் பெருவிரலைச் சப்பியது, விட்டது; பிறகு பிடித்தது.

கிடாரியின் பின்னங்கால் லேசாக உயர்ந்தது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். கால் பழையபடி கீழே இறங்கியது.

வால் ஆடத் தொடங்கிய பிறகுதான் நான் கடிகாரம் பார்க்கப் போனேன். பத்து பதினெட்டு. இரண்டு நிமிடம் கூட்டினால் பத்து இருபது. திரும்பி வந்தபோதும் குடித்துக்கொண்டிருந்தது. கடைவாயில் நுரை தள்ளியிருந்தது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை மரத்துக்கு விரட்டிய பிறகு முதல் தடவையாக என்னோடு பேசினாள்.

"உங்க சட்டையில இளங்கொடி ஒட்டியிருக்கு."

நான் அனிச்சையாகக் கிணற்றடிப் பக்கம் திரும்பினேன். இரண்டு பெண்களும் ஒரே குரலில் கூவினார்கள்: "சோப்பைத் தொடாதீங்கோ!"

மூன்று நாள், மூன்று வேளையும், கன்றைப் பிடித்து மடியில் விடும் வேலை எனக்கு விதிக்கப்பட்டது. அந்த மூன்று நாளும் சோப்பு கிடையாது, வெறும் தண்ணீர்தான் என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். கார்பாலிக் கட்டியை அவளே எடுத்து எங்கோ ஒளித்து வைத்தாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்தறைக்குள் வந்தார், நின்றார், இரண்டு முறை மூச்சிழுத்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டில் பசு ஈன்றிருக்கிறது, சார்" என்றேன்.

"கன்று சுகமா?"

"நன்றாகக் குடிக்கிறது, சார்."

அவர் போய் ஜன்னல் கதவு இரண்டையும் திறந்துவிட்டு, தன் அறைக்குத் திரும்பினார்.

அந்த வாரம் புதன்கிழமை, கன்று குடித்து மிஞ்சிய சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு மனைவி அவித்தாள். முதல் கிண்ணம் வேலிக்கு அப்புறம் போயிற்று. இரண்டாம் கிண்ணத்தை, நன்றாக வெளுத்து மடித்த துண்டோடு, நானே சாயாக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் துண்டை விரித்து மூக்கருகே பிடித்தார்.

"சோப்பு மணக்கு சாரே" என்றார். "இதை வச்சு என் பெஞ்சாதி என்னை வீட்டுக்குள்ள விடுவாளா, இல்ல உதைப்பாளா?"

தலைக்கு மேலே, இரண்டாம் கிளையில், விலா கிழிந்த ஓலைப்பெட்டி என் முடிச்சில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.