அப்பாவின் தலையாட்டல்

எனக்குப் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. நிபோங் திபால் வீட்டில் இருக்கும் அப்பாவைச் சம்பளத்துக்கு வந்த ஓர் அக்கா பார்த்துக்கொண்டார். தினமும் வீடியோ காலில், "எல்லாம் ஓகேயாப்பா?" என்பேன். அப்பா சிரித்துத் தலையாட்டுவார். ஞாயிறுகளில் நேரில் போனாலும் அக்கா பக்கத்திலேயே நிற்பார்.

ஒருநாள் லீவு கிடைத்து, சொல்லாமல் போனேன். அக்கா காய்கறி வாங்க பாசாருக்குப் போயிருந்தார். அப்பாவின் காதுமிஷின் அலமாரியின் உச்சியில் கிடந்தது. எடுத்து மாட்டிவிட்டேன்.

"நான் எதிர்த்துப் பேசினா கழட்டி மேல வச்சிருவாங்கம்மா. நீ வர்ற ஞாயிறு மட்டும் மாட்டிவிடுவாங்க," என்றார் அப்பா.

"போன்ல ஏன்ப்பா சொல்லல?"

"நீ கேட்டதே காதுல விழலையே. உன் முகத்தப் பாத்துச் சிரிச்சேன்."

அத்தனை நாளும் அவர் முகத்தைப் பார்த்தேன், காதைப் பார்க்கவில்லை.

அந்த அக்காவை நிறுத்திவிட்டேன். இப்போது வருபவர் நல்லவர்தான். ஆனாலும் போகும்போதெல்லாம் அவரைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டு, "வாயத் திறந்து சொல்லுங்கப்பா" என்று காத்திருக்கிறேன்.