பெட்டிமேல் ஒட்டிய நீலத் தாள்

"கறுப்புல எடுக்கலாமா, சாம்பல் கலர்ல எடுக்கலாமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவருடைய வலக்கையில் கட்டுப் பிரித்து அதிக நாள் ஆகவில்லை. பொத்தேரியில், காலேஜ் பசங்களின் இசைக்குழுக்களுக்குப் பெட்டி செய்துகொடுக்கும் ஒரு ஷெட்டில் நின்றுகொண்டிருந்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பெட்டி அந்தக் கையை நசுக்கியதோ, அதற்குப் பதிலாக ஒன்று வாங்க வந்த இடத்தில் இந்த மனுஷன் கலர் கேட்கிறார்!

"கலரா இப்ப முக்கியம்? வாயில நல்லா வந்துரும்" என்றேன். கடைக்காரர் ஸ்க்ரூ டப்பாவில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

எங்களுடையது செங்கல்பட்டில் ஒரு சின்ன இன்னிசைக் குழு. அவர் கீபோர்டு வாசிப்பார், நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் உட்காருவேன், டெம்போ ஓட்டுவது என் தம்பி. மிக்ஸர், மைக் ரிசீவர்கள் எல்லாவற்றையும் ரேக் கேஸ் என்கிற ஒரே பெட்டிக்குள் திருகி வைத்திருப்போம். பிளைவுட் பலகை, அலுமினிய விளிம்பு, பக்கவாட்டில் இரும்புக் கைப்பிடி. மூடியைக் கழற்றி ஒயரைச் சொருகினால் வேலை ஆரம்பம். கனம் என்றால் அப்படி ஒரு கனம். ஒரு ஆளால் அசைக்கக்கூட முடியாது.

பழைய பெட்டியை அவர்தான் தேர்ந்தெடுத்தார். எப்படி? தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி மேலே ரெண்டு தட்டு. "நல்லா பளபளான்னு கீது, இதையே எடுத்துக்கலாம்." அவ்வளவுதான் ஆராய்ச்சி. அதன்மேல் கீறல் விழாமலிருக்க ஒரு நீலப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. கைப்பிடித் தகட்டின் மேல்கூட இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உரிக்கப்போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"இருக்கட்டும்டி. பார்ட்டிங்க பாக்கும்போது புதுசாட்டம் தெரியணும்ல."

எங்கள் வீட்டில் எதையும் உரிக்க விடமாட்டார். ஃப்ரிட்ஜ் கதவில் தாள், பீரோ கண்ணாடியில் தாள், டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் சட்டை. அவருடைய கீபோர்டின் சின்னத் திரையில்கூட, வாங்கின அன்று ஒட்டியிருந்த தாள் குமிழ் குமிழாக அப்படியே இருக்கும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? காதில் வாங்கினால்தானே!

எங்கள் பிழைப்பில் பாதி மாமல்லபுரம் பக்கம். கடற்கரை ரிசார்ட்டுகளில் கல்யாணம், வரவேற்பு. மேடை மணலில் இருக்கும், காற்றில் உப்பு இருக்கும். வீட்டுக்கு வந்து மிக்ஸரை ஈரத்துணியால் துடைத்தால் துணி பிசுபிசுக்கும். அந்த உப்பு ஈரம் நீலத் தாளுக்கு அடியில் இறங்கிக்கொண்டு, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. மேலே பார்த்தால் பெட்டி புதுசு. அடியில் கைப்பிடியைப் பிடித்திருந்த ரிவெட் ஆணியெல்லாம் துருப்பிடித்துப் பொடியாகிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு ஒரு வரவேற்பு. மத்தியானமே போய்விட்டோம். ரிசார்ட் முன்வாசலில் டெம்போவை விடமாட்டார்களாம். விருந்தாளிகள் வருகிற வழியாம். நாங்கள் மட்டும் யார், திருட வந்தவர்களா? சமையல்கட்டைச் சுற்றி, பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடுகிற கருங்கல் படி வழியாகத்தான் இறக்கவேண்டும். தம்பி மேலே, அவர் கீழே. நான் ஒயர்ச் சுருளோடு பின்னால்.

"மாமா, மெதுவா" என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பக்கக் கைப்பிடி தகட்டோடு கழன்றது. அவருடைய வலக்கை பெட்டிக்கும் படி விளிம்புக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. பெட்டியைத் தூக்கி அவர் கையை வெளியே எடுப்பதற்குள், மேனேஜர் ஒருத்தன் ஓடி வந்தான். "மேடம், ப்ரோக்ராம் நடக்கும்ல?" என்றான். கையிலிருந்த ஒயர்ச் சுருளை அவன் மூஞ்சிமேல் வீசியிருக்கவேண்டும். வீசாமல் விட்டதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நசுங்கியது நடுவிரலும் மோதிர விரலும். தையல் பிரித்த பிறகும் பாதிதான் மடங்கின. "விடாமல் பயிற்சி செய்தால் கொஞ்சம் வரும், பழைய வேகம் வருமா என்று இப்போது சொல்லமுடியாது" என்றார் டாக்டர். அன்று வீட்டுக்கு வந்து கீபோர்டின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினவர்தான். பயிற்சியாவது மண்ணாங்கட்டியாவது, அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் பழைய பெட்டியின் தாளைப் பிய்த்துப் பார்த்தேன். கையெல்லாம் செந்தூள்.

அதனால்தான் பொத்தேரி ஷெட்டில் நானே பேசினேன்.

"கைப்பிடிக்கு ரிவெட்டா, போல்ட்டா?"

"ரிவெட்டுதாம்மா. எல்லாருக்கும் அதான் போட்டுகினு இருக்கோம். பசங்க ஒருத்தனும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல."

"பசங்க கடல் ஓரமா பொட்டி இறக்கறாங்களா?"

"வேணும்னா பெரிய சக்கரம் போட்டுத் தரேன். தள்ளிகினே போலாம்."

"மணல்ல சக்கரம் சுத்துமா? தூக்கித்தான ஆவணும்?"

அங்கே கிடந்த இரும்புத் துண்டுகளையெல்லாம் பார்வைக்கு வைத்திருந்த ஒரு பெட்டிக்குள் போடச்சொன்னேன். "இப்ப தூக்குங்க" என்றேன். கடைக்காரர் உள்ளே பார்த்து ஆளைக் கூப்பிட்டார்.

"ஆள் வேணாம். நீங்க ஒரு பக்கம், என் தம்பி ஒரு பக்கம். அந்தப் படில ஏத்தி இறக்குங்க."

தம்பி "அக்கா, வுடுக்கா" என்று முணுமுணுத்தான். ஏன் விடணும்? கடைக்காரர் கைப்பிடியைப் பிடித்தார், பெட்டி தரையைவிட்டு எழும்பியது, முதல் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். கைப்பிடியைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரின் விரலைப் பார்த்தார். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "துருப்பிடிக்காத போல்ட்டே போட்டு, உள்பக்கம் தகடு வெச்சு முடுக்கித் தரேம்மா" என்றார். பலகையும் கனமானதாகவே கேட்டேன். அதற்கும் தலையாட்டினார்.

கடைக்காரர் சொன்னபடி செய்துகொடுத்தார். தம்பி டெம்போவில் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். அதன்மேலும் அதே நீலத் தாள்! தெருவில் நின்றே உரித்தேன். தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. எனக்கு வெறி அடங்கவில்லை. உள்ளே போய் ஃப்ரிட்ஜ் கதவை உரித்தேன், பீரோவை உரித்தேன். கடைசியில் போர்வையை இழுத்துப்போட்டு, கீபோர்டின் திரைமேல் நகத்தை வைத்தேன்.

"அத்த மட்டும் வுடு" என்றார்.

"ஏன்?"

"விக்கறப்ப புதுசாட்டம் தெரியும்ல. ஒரு பார்ட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

திரைமேல் வைத்த நகத்தை எடுக்காமலேயே திரும்பினேன்.

"யோவ், யாரைக் கேட்டுய்யா சொன்ன? யாரைக் கேட்டு?"

"இந்த விரல வெச்சிகினு இன்னாத்தடி வாசிக்கறது?"

"டாக்டர் இன்னா சொன்னாரு? ஒரு நாளாவது தொட்டுப் பாத்தியா? தொடாமயே விப்பியா? வித்துருவியா நீ?" கத்திக்கொண்டே சர்ரென்று உரித்தேன். அந்தத் தாளைக் கசக்கி அவர் மடியில் எறிந்தேன். திரை கறுப்பாகப் பளபளத்தது. வாங்கின நாளிலிருந்து நாங்கள் யாருமே பார்க்காத திரை.

அவர் எழுந்து வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக நின்றேன். வரட்டும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பழக்கத்தில் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, வலக்கையின் மோதிர விரலை ஒரு கட்டைமேல் வைத்து அழுத்தினார். சத்தம் வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். முகம் அப்படியே தொங்கிப்போனது.

"பிளக்கே சொருகலய்யா!" என்று கத்தினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, ஒயரைத் தேடிச் சொருகினேன்.