பேச்சுக்கு விலை போட்ட ஆர்டிஸ்

எங்கள் ஊரான கெல்மரில் ஆர்டிஸ் க்வாமைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகுதான் பதில் வரும். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் கூட்டு விருந்து என்றால் எல்லாப் பெண்களும் தங்கள் பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதிய டேப்பை ஒட்டிக் கொண்டுவருவார்கள். ஆர்டிஸ் மூடிக்கும் ஒட்டுவாள், கரண்டிக்கும் ஒட்டுவாள். வேறொருத்தியின் கரண்டி தவறித் தன் பையில் வந்துவிட்டால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே ஒரு ஆப்பிள் அழுகினாலும் எழுதிவைத்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாளாம்.

இப்படிப்பட்ட மனுஷியை எந்த ஊரும் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டும். எங்கள் ஊர் அவளைப் பொருளாளர் ஆக்கியது.

கதை அவள் கணவர் லாய்டிடமிருந்து தொடங்குகிறது. கோதுமை லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். பக்கவாதம் வந்து வலதுபுறம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகம் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஆர்டிஸின் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். தினமும் மதியம் அவள்தான் போய் ஊட்டுவாள். தாதிகள் எவ்வளவு கெஞ்சினாலும் லாய்ட் வாயைத் திறக்கமாட்டார். ஆர்டிஸ் கரண்டியை நீட்டினால் மட்டும் குருவிக்குஞ்சு மாதிரி திறப்பார். "எழுபது வயசுக்கு மேல இந்த வீம்பு எதுக்கு உனக்கு?" என்று திட்டிக்கொண்டே ஊட்டுவாள். உள்ளுக்குள் அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த இல்லத்தை நடத்தப் பணமில்லை என்று கவுண்டி கையை விரித்தது. நிலவரியைக் கொஞ்சம் உயர்த்தினால் நடத்தலாம், மூடிவிடலாமா வேண்டாமா என்பதை நவம்பர் வாக்கெடுப்பில் மக்களே சொல்லட்டும் என்றார்கள். நிலவரி என்றால் நிலம் உள்ளவனுக்குத்தானே வலிக்கும்? வெண்டல் பர்ச்சுக்கு வலித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை அவருடையது. ஊரில் வரும் ஒரே வாரப் பத்திரிகையும் அவருடையது. வியாழன்தோறும் முதல் பக்கத்தில், இல்லம் வீண் செலவு என்று தன் பெயரிலேயே எழுத ஆரம்பித்தார்.

இல்லத்தைக் காப்பாற்ற ஒரு குழு கூடியது. கையில் காசு வாங்கினால் யாரோ ஒருவர் மாநிலத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டுமே. எல்லோரும் ஒரே சமயத்தில் ஆர்டிஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தேர்தல் செலவு ஆணையம் பொருளாளர்களுக்கென்று ஒரு கையேடு அனுப்பும். அதைப் பொதுவாக யாரும் பிரிப்பதில்லை. ஆர்டிஸ் அடிக்கோடு போட்டுப் படித்தாள். பணமாக வராமல் பொருளாகவோ சேவையாகவோ வந்தாலும் அது நன்கொடைதான், அதற்குச் சந்தை விலை போட்டு எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. நிதி திரட்டக் குழு நடத்திய, சில்லி என்ற இறைச்சிக் குழம்பு விருந்துக்கு வந்த பீன்ஸ், பட்டை போட்ட ரொட்டிச் சுருள்கள், காகிதத் தட்டுகள் எல்லாம் கணக்கில் ஏறின. அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

எங்கள் வானொலியில் மெர்ல் ஆஸ்ட்ரெம் காலையில் 'கொடுக்கல் வாங்கல்' நடத்துவான். பழைய ஃப்ரீசர் விற்பவர், கன்றுக்குட்டி தேடுபவர் எல்லோரும் அவனைத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். கெல்மரில் அந்த நிகழ்ச்சி முடியும்வரை யாரும் காபிக் கோப்பையைக் கழுவுவதில்லை. மெர்லின் தாய் அந்த இல்லத்தில்தான் கடைசி நாட்களைக் கழித்தாள். அதனால் டயருக்கும் வைக்கோலுக்கும் நடுவே, இல்லத்தை மூடவிடாதீர்கள் என்று அவன் தினமும் கொஞ்ச நேரம் பேசினான். யாரும் அவனைப் பேசச் சொல்லவில்லை. அவன் பேசினால் ஊர் கேட்டது.

ஆர்டிஸ் நேராக வானொலி நிலையத்துக்குப் போனாள்.

"மெர்ல், நீ இல்லத்தப் பத்தி தினமும் பேசறியே, அது சும்மாவா?"

"பின்ன, காசா வாங்கறேன்?"

"அதத்தான் கேக்கறேன். சும்மா குடுத்தா நன்கொடை. நன்கொடைன்னா நான் எழுதணும்."

மெர்ல் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தான். "என் வாயில வர்றது நன்கொடையா? என் பொண்டாட்டிகிட்ட சொல்லிப் பாரு. வேணாம்னு திருப்பி அனுப்பிடுவா."

"விளையாடாத. விளம்பரத்துக்கு நிமிஷத்துக்கு என்ன வாங்கறீங்க?"

அவன் சொன்னான். அவள் பெருக்கிக் காட்டினாள். மெர்ல் விசிலடித்தான். "இவ்வளவா! இத்தனை வருஷமா நஷ்டத்துல இல்ல பேசிட்டிருந்திருக்கேன்! குடு, எங்க கையெழுத்துப் போடணும்?" நன்கொடையாளர் என்ற இடத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். ஆர்டிஸ் அதைத் தபாலில் சேர்த்துவிட்டு, மனசு லேசாகி, லாய்டுக்கு ஊட்டப் போனாள்.

நன்கொடைக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பர்ச்சின் வக்கீல் பார்த்தான். அவனுக்கு அன்றைக்கு நல்ல விருந்து. தேர்தலுக்கு முந்தைய கடைசி மூன்று வாரங்களில் ஒருவர் இவ்வளவுக்கு மேல் தரக்கூடாது என்று எங்கள் மாநிலத்தில் ஒரு விதி உண்டு. மெர்லின் பேச்சை விளம்பர விலைக்குப் பெருக்கினால் அது அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. வழக்குப் போட்டார்கள். கவுண்டி நீதிமன்றத்தில் ஆர்டிஸைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

வக்கீல் மிகவும் மரியாதையாகக் கேட்டான். "இத எழுதினது நீங்கதானே மேடம்?"

"ஆமா."

"யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"என்னை யாரு கட்டாயப்படுத்துவா? கையேட்டுல இருந்துச்சு, எழுதினேன்."

"அப்ப இது நன்கொடைன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

ஆர்டிஸுக்கு அப்போதுதான் தான் எதில் காலை வைத்தோம் என்று புரிந்தது. "அப்ப பர்ச் வாராவாரம் மொதப் பக்கத்துல எழுதறாரே, அது என்ன?" என்று கேட்டாள்.

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். வக்கீலும் புன்னகைத்தான். "அது பத்திரிகை மேடம். கருத்து. அத நன்கொடைன்னு யாரும் எழுதிக் குடுக்கலையே."

கொடுத்தவனும் வாங்கியவளும் சேர்ந்தே நன்கொடை என்கிறார்கள், ஆணையம் வேறு மாதிரி முடிவு சொல்லும்வரை அப்படியே இருக்கட்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஆணையத்தின் முடிவு தேர்தலுக்குள் வராது என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கோ நகரத்தில் உட்கார்ந்திருந்த வானொலி முதலாளி நடுங்கிப்போய், இல்லத்தைப் பற்றி இனி ஒரு சொல் வரக்கூடாது, வந்தால் வேலை இல்லை என்று மெர்லுக்குச் சொல்லிவிட்டான். அந்த வியாழன் பர்ச் முதல் பக்கம் முழுவதையும் எழுதினார்.

லாய்டின் அறையில் கரண்டியும் கையுமாக ஆர்டிஸ் வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். மெர்லின் காலை நிகழ்ச்சியை மதியத்தில் மறுபடி போடுவார்கள். பண்ணைக்காரன் ஒருவன் பேசினான்.

"மெர்ல், கட்டில் ஒண்ணு விக்கணும்."

"கட்டில் எப்படி இருக்கு?"

"கட்டிலுக்கு ஒரு கொறையும் இல்ல. அதுல படுத்திருக்கற எங்கப்பன எங்க போடறதுன்னுதான் தெரியல. இல்லத்த மூடிட்டா—"

இணைப்பு அறுந்தது. மெர்லின் மூச்சு மட்டும் கேட்டது. "அடுத்து... பனிக்கு டயர் யாரோ கேட்டிருந்தாங்க," என்றான். அது அவன் குரல் மாதிரியே இல்லை. ஆர்டிஸ் வானொலியை அணைத்தாள். தன் நேர்மையின் மேல் அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அருவருப்பு வந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனபோது மெர்ல் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"எழுதாம விட்டிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கும் மெர்ல்."

"உனக்குத் தெரிஞ்சா லாய்ட் வயிறு நெறஞ்சிடுமா?"

அவள் கைப்பையை அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அதற்கு ஒரு பதிலை நானும் அன்றிலிருந்து தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாக்கெடுப்பில் இல்லம் தோற்றது. ஒரு பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடலாம், அவ்வளவு பேர்தான் வித்தியாசம். ஜனவரியில் கட்டிலையும் ஆட்களையும் வண்டி வண்டியாக ஏற்றினார்கள். லாய்டை மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். நல்ல இடம், நல்ல தாதிகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் வாயைத்தான் திறக்கவில்லை. ஆர்டிஸ் பாதை திறந்திருந்த நாட்களில் எல்லாம் போனாள். அந்தக் குளிர்காலத்தில் பாதை திறந்திருந்ததைவிடப் பனியில் மூடிக்கிடந்ததுதான் அதிகம். ஒவ்வொரு முறையும் லாய்டின் சட்டைக் காலர் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பிறகு வயிற்றில் குழாய் வைத்து ஊற்றிப் பார்த்தார்கள், அதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

பனி உருகும் நேரத்தில் ஆணையத்தின் முடிவு வந்தது. வானொலியில் ஒருவர் தன் விருப்பத்தில் சொல்லும் கருத்து நன்கொடை ஆகாது, பொருளாளர் அதை எழுதியிருக்கவே தேவையில்லை, திருத்திய கணக்கை அனுப்பவும் என்று மிகப் பணிவாகச் சொல்லியிருந்தார்கள். மெர்லின் பெயருக்கு எதிரே இருந்த தொகையை அடித்துவிட்டு ஆர்டிஸ் சுழியம் போட்டாள். கெடு முடிவதற்குள் அனுப்பியும் வைத்தாள். அந்த வாரம் பர்ச் எழுதிய தலைப்பு: 'பேச்சுரிமைக்குப் பெரும் வெற்றி'. மெர்லைத் தன் தொழில் சகோதரன் என்று வேறு எழுதியிருந்தார். வெட்கம் என்பது வரி மாதிரி போலிருக்கிறது. அதையும் அவர் கட்டுவதில்லை.

லாய்ட் மே மாதத்தில் போய்விட்டார். அன்றைக்கு வெயில், பாதை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆர்டிஸ் வழியில் வந்துகொண்டிருந்தாள்.

இறந்தவர் பற்றிய குறிப்பைப் பத்திரிகையில் போட வரிக்கு இவ்வளவு என்று காசு. ஆர்டிஸ் தாளில் எழுதிக்கொண்டு போனாள். பிறந்தது, லாரி ஓட்டியது, மணந்தது, எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'கெல்மர் இல்லத்தை மூடியதால், மனைவியின் கை எட்டாத ஊரில் பட்டினியாகக் கிடந்து இறந்தார்.' மேசையில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள். பர்ச்சே வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"லாய்ட் எங்க கோதுமையத்தான் எத்தனை வருஷம் ஓட்டினாரு. நல்ல மனுஷன்," என்றார். "எல்லாத்தையும் போட்டுடலாம் ஆர்டிஸ். இந்தக் கடைசி வரி மட்டும் வேணாமே."

"ஏன்? பொய்யா?"

"பொய்யின்னு சொல்லல. முதியோர் இல்ல விவகாரத்த மறுபடியும் ஓட்டுக்கு விடச் சொல்லி ஊர்ல கையெழுத்து வாங்கிட்டிருக்காங்க. இப்ப இது அரசியல் ஆயிடும். காசு வாங்கிட்டு அரசியல் போட்டா, குடுத்தது யாருன்னு கீழ போடணும். சட்டம்."

"நீங்க எழுதறதுக்குக் கீழ அப்படி ஒண்ணும் இருக்கறதில்லையே."

"நான் எழுதறது கருத்து. ஆணையமே சொல்லிடுச்சே," என்றார் பர்ச். பிறகு, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உங்க கேசுலதான் சொன்னாங்க," என்றார்.

ஆர்டிஸ் கைப்பையைத் திறந்து வரிகளுக்கான காசை மேசைமேல் வைத்தாள்.

"போட்டுக்குங்க," என்றாள்.

"எத?"

"குடுத்தது யாருன்னு."

வியாழனன்று பத்திரிகை வந்தது. உள்பக்கத்தில் லாய்ட் லாரிக் கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் வாழ்க்கை, அதற்கும் கீழே அந்தக் கடைசி வரி. அதன் அடியில், கட்டம் கட்டி, பொடி எழுத்தில்:

'அரசியல் விளம்பரம். பணம் செலுத்தியவர்: ஆர்டிஸ் க்வாம், மனைவி.'